துண்டும் தவணைப் புத்தகமும்

 

போன கிழமை வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளையிடம் காரணம் கேட்டேன். "லோன்காரர் வாற நாள் டீச்சர். அம்மா காம்பராவப் பூட்டிட்டு எங்களப் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றது. இந்த மலைக்குக் கடன் புதிதல்ல.

அன்று தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்த கங்காணி, முன்பணத்தையும் பயணச் செலவையும் அவர்கள் கணக்கிலேயே எழுதினார். தோட்டம் மாற 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டும். அது மறுபடியும் ஆளின் தலையில் ஏறும். 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் துண்டை ஒழித்தது.

பெண்களுக்கு இன்னொரு குறை. கொழுந்தெடுத்தவள் அவள், பல தோட்டங்களில் சம்பளத்தை வாங்கியது கணவனோ தகப்பனோ. ஆணுக்குச் சமமான நாட்சம்பளமே 1984இல்தான் கிடைத்தது.

அதனால்தான் பெண்ணின் பேரிலேயே கடன் என்றதும் நம்பிக்கை வந்தது. பங்களாதேஷில் 1983இல் வங்கியான கிராமீன் காட்டிய வழி அது: சொத்துப் பிணை வேண்டாம், குழு போதும். அப்படி வாங்கித் தையல் மெஷின், மரக்கறித் தோட்டம் என்று முன்னேறியவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அரைப்பேர் விழுந்தாலும் தவணை குறையாது. ஒருத்தி தவறினால் குழுவே கட்ட வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். அன்று கங்காணி செய்த காவலை இன்று பக்கத்துக் காம்பராத் தோழி செய்ய வேண்டியிருக்கிறது.

2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் 1 லட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களை அரசு ஏற்றது. நுவரெலியா அந்தப் பட்டியலில் இல்லை. 2021 மார்ச்சில் பொலனறுவை ஹிங்குராக்கொடவில் பெண்களே சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

துண்டில் எழுதிய தொகையை வாசிக்கத் தெரியாமல் எத்தனையோ பேர் காலம் கழித்தார்கள். நாம் அப்படி இருக்க வேண்டாம். கைச்சாத்திட முன் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? வட்டி ஆண்டுக்கு எத்தனை வீதம்? நிறுவனத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா? தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது என் மார்க்கம். கடை வைத்திருக்கும் நம்மவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். தவணைப் புத்தகத்தோடு வாருங்கள் அக்காமாரே, உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.