பூக்கடையும் பறவைக் கூண்டும்

மூர் மார்க்கெட்டைப் பற்றி எழுதும் நம்மவர்கள் பெரும்பாலும் பழைய புத்தகக் கடைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் அப்படி எழுதக்கூடியவன்தான். ஆனால் 1978-ல், பத்து வயதில், சந்தவாசலிலிருந்து அப்பாவுடன் பஸ் ஏறி முதன்முறையாக அங்கே போனபோது என் கண்ணில் பட்டவை புத்தகங்கள் அல்ல, கூண்டுகள்.

அப்பா பட்டு நெசவாளி. ஆரணி முதலாளி ஒருவருக்காக வீட்டுத் தறியில் நெய்துகொண்டிருந்தார். அன்று காலை, தங்கப்போகும் உறவினர் வீட்டுக்காகப் பூக்கடையில் பூ வாங்கினார். பத்ரியன் தெரு முழுவதும் ஈரச் சாக்கும் வாழைநாரும். உதிரிப்பூ எடைக்கு, கட்டிய பூ முழத்துக்கு. முழம் என்பது விற்பவள் கை. "இந்தம்மா கை குட்டை" என்று அப்பா என்னிடம் மட்டும் சொன்னார். அங்குலம் பிசகாமல் புடவை அறுத்துக் கொடுக்கிறவருக்கு அது கண்ணில் படாமல் போகுமா?

பிறகு மூர் மார்க்கெட். சிவப்பு, பச்சை, மஞ்சளாகச் சின்னக் குருவிகள் ஒரு கூண்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. நான் அசையாமல் நின்றுவிட்டேன். அப்பா குனிந்து பார்த்தார். "இது சாயம்டா. ஒரு தண்ணிக்குத் தாங்காது." சில்லைக் குருவிகளுக்குச் சாயம் ஏற்றுவது பறவை வியாபாரத்தில் எங்கும் இருந்த பழக்கம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த கூண்டில் கிளிகள். அங்கே அப்பாதான் நகரவில்லை. ஆண் கிளியின் கழுத்து வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கித் தரக் கேட்டேன். தரவில்லை.

அந்த இடத்தின் சரித்திரம் இடமாற்றத்தின் சரித்திரம். பிராட்வேயில் பாப்ஹாம் பெயரில் இருந்த பழைய சந்தை நெரிசலும் அழுக்கும் மிகுந்தது என்று கருதி, அதற்குப் பதிலாகக் கட்டியதுதான் மூர் மார்க்கெட். 1898-ல் நகரசபைத் தலைவர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டினார், 1900-ல் திறந்தார்கள். பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை. சென்னைவாசிகள் அதை உயிர்க் காலேஜ் என்றும், எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் அழைத்தார்கள். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் வண்டலூரில் புதிய மிருகக்காட்சிசாலை திறக்கப்பட்டது. எரிந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. கட்டிடத்தின் ஞாபகமாகச் சிறு மாதிரி ஒன்றை வைத்தார்கள். அதில் கூண்டு இல்லை.

பூவின் கதையும் வேறல்ல. 1996-ல் மொத்த வியாபாரத்துக்காகக் கோயம்பேடு சந்தை திறந்தது. நெரிசலைக் குறைப்பதே நோக்கம். பத்ரியன் தெருக்காரர்கள் உடனே கிளம்பிவிடவில்லை. வழக்கும் தகராறுமாக இழுத்தது. அங்கே போலீஸ் நிலையத்துக்கு மட்டும் பூக்கடை என்ற பெயர் உறுதியாக ஒட்டிக்கொண்டது.

பறவைகள் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் அதில் வந்த திருத்தமும் நம் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதைக் குற்றமாக்கின. நியாயமான சட்டம். அந்தக் கூண்டுகளுக்காக ஏங்குவது, சாயம் பூசிய குருவியைக் கண்டு மயங்கிய பத்து வயதுப் பையனின் ஏக்கம்தான். அதை இலக்கியமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் சந்தையை மாற்றியவர்களின் பெயரும் தேதியும் கிடைக்கின்றன. மாற்றப்பட்டவர்களின் பெயர் ஒன்றுகூட நம் எழுத்தில் இல்லை. புத்தகக் கடைக்காரர்களையாவது, அவர்களிடம் வாங்கியவர்கள் எழுத்தாளர்களாக இருந்ததால், நினைவில் வைத்திருக்கிறோம். கிளி விற்றவனிடம் வாங்கியவன் கிளி ஜோசியக்காரன். அவன் கட்டுரை எழுதவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராட்வே நடைபாதையில் கூண்டுகளை மறுபடி பார்த்தேன். பாப்ஹாம் சந்தை இருந்த அதே சாலை. நூறு வருஷம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தது வியாபாரம். இப்போது விற்றவை லவ்பேர்ட்ஸ். ஆஸ்திரேலியப் பூர்வீகம், கூண்டிலேயே பிறந்தவை. காடு பார்த்த பறவை அங்கே ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

ஊருக்கு வந்து அம்மாவின் பெட்டியைத் திறந்தேன். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக அப்பா நெய்த மயில்கழுத்துப் புடவை ஒன்று இருக்கிறது. கரையில் மல்லிமொக்கு; இடையிடையே கிளி. முன்பெல்லாம் கவனித்ததில்லை. கிளியின் கழுத்தில் மட்டும் தனியாக ஒரு ரோஜா நிற இழை ஓடுகிறது. அது ஆண் கிளி.