யாருடைய கோபுரம்?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு அரசு சேவைத் தளத்துக்கான முகப்பை எங்கள் டீம் செய்துகொண்டிருந்தது. என் பங்குக்கு வந்தது அற்பமான வேலை. தமிழ்நாடு அரசு முத்திரையை, பிரவுசர் டேபில் தெரியும் ஐகானாகச் சுருக்க வேண்டும். 32க்கு 32 பிக்சல். சிங்கங்கள் முதலில் கரைந்தன. பிறகு இரண்டு பக்கக் கொடிகளும் போயின. கடைசியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு முக்கோணமும்தான் மிஞ்சின. அந்த முக்கோணத்தைப் பார்த்து, "எங்க ஊர்க் கோபுரத்த இப்படி கொத்துக்கரண்டி மாதிரி ஆக்கிட்டேனே" என்றேன்.

பக்கத்து சீட்டுக்காரன் மதுரை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். "உங்க ஊரா? அது எங்க மீனாட்சி கோயில் மேலக் கோபுரம் மாப்ள."

நான் ராஜபாளையம்காரன். துல்லியமாகச் சொன்னால் அது என் ஊர்க் கோபுரமே இல்லை, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். ஆனால் மதுரைக்காரனிடம் பேசும்போது அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் கணக்கில் வராது. (ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் பேசும்போது வரும். பால்கோவா விஷயத்தில் நாங்கள் வாயே திறக்கக்கூடாது.) அன்று மதியம் ஐகானை அப்படியே போட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் விட்டுவிட்டு இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மதுரைத் தரப்பு வலுவானது, அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். சின்னத்தை வரைந்தவர் ஓவியர் ஆர்.கிருஷ்ணா ராவ். மதுரைக்காரர். தான் மனதில் வைத்து வரைந்தது மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தைத்தான் என்று அவரே சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. வரைந்தவரே சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது? ஆனால் பொதுவழக்கு எங்கள் பக்கம். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படித்தோம். பொது அறிவு கைடுகளில் அதுதான் 'சரியான விடை'. விருதுநகர் மாவட்டத்தைப் பற்றி அரசு எதை அச்சடித்தாலும் இந்தப் பெருமை முதல் பத்தியிலேயே வந்துவிடும். ரசிகமணி டி.கே.சி.தான் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அரசுக்குப் பரிந்துரைத்தார் என்ற ஒரு பேச்சும் எங்கள் பக்கம் உண்டு.

படத்தைப் பெரிதாக்கி நிலைகளை எண்ணிப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். மதுரை மேற்குக் கோபுரம் ஒன்பது நிலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பதினொரு நிலை. ஆனால் சின்னத்தில் கோபுரத்தின் அடிப்பகுதியை அசோகச் சிங்கங்கள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

கோபுரத்தை நேரில் பார்த்தவர்களுக்கு வேறொரு வித்தியாசம் தெரியும். மதுரைக் கோபுரங்களில் கண் ஓய்வெடுக்க இடம் இல்லை, உடம்பு முழுக்கச் சுதைச் சிற்பங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த நெரிசல் கிடையாது. 192 அடி உயரம், நிலைக்கு நிலை நடுவே ஒரு வாசல், மேலே போகப்போக ஒடுங்கும் கோடுகள், உச்சியில் கலசங்கள். ஒரு ஓவியனுக்கு வரைய எளிது என்று எனக்குத் தோன்றும். இது ஆதாரம் இல்லை, ஊர்ப் பாசம்.

இந்தக் கோபுரம் ஆண்டாளுடையது என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் வருவார்கள். அது வடபத்ரசாயி சந்நிதியின் கோபுரம். ஆண்டாள் சந்நிதி தனியாகத் தென்மேற்கில். கோபுரத்தைக் கட்டியது ஆண்டாளின் தந்தை பெரியாழ்வார் என்பது தலபுராணம். பாண்டியன் வல்லபதேவன் சபையில் வாதம் செய்து வென்ற பொற்கிழியைக் கொண்டு கட்டினாராம். எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர் என் தாத்தா. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்.

கல்லூரி விடுமுறையில் ஒருமுறை, புதிதாகப் படித்த மிதப்பில், அவர் கதையை உடைக்கப் பார்த்தேன். பெரியாழ்வார் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு என்கிறார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் இப்படிக் கோபுரமே கிடையாது. கோயிலில் உயரமானது கருவறைக்கு மேல் இருக்கும் விமானம்தான். 1010ல் ராஜராஜன் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள், விமானம் 216 அடி, வாசல் கோபுரங்கள் அதற்கு முன்னால் குள்ளமாக நிற்கும். வாசல் வளர்ந்து விமானம் சிறுத்தது அதற்கும் பிறகு, சிதம்பரத்தில் தொடங்கி பிற்காலப் பாண்டியர், விஜயநகரம், நாயக்கர் என்று வரும் காலத்தில். அப்படியிருக்க பதினொரு நிலைக் கோபுரத்தைப் பெரியாழ்வார் தலையில் கட்டுவது எப்படி?

தாத்தா கேட்டுக்கொண்டே வெற்றிலை போட்டார். "யாரு கட்டுனா என்னய்யா. எங்க அய்யா இந்தக் கோபுரத்த ரோட்ல நின்னுதான் கும்புட்டாரு. உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாது. வெளிய நிக்கிறவனுக்குத்தான் கோபுரம் முழுசாத் தெரியும்."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று வீட்டில் அடிக்கடி சொல்வார்கள், பஸ்ஸில் போகும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அது யாருக்குத் தேவைப்பட்ட பழமொழி என்று அதுவரை யோசித்ததில்லை. அவர் இறந்த பிறகுதான் இன்னும் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. கேட்டிருந்தாலும் இதைவிட அதிகம் சொல்லியிருப்பாரா தெரியாது.

திருமலை நாயக்கருக்கு வருகிறேன். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். ஆண்டாள் மேல் பக்தி கொண்டவர் என்பதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பூசை முடிந்த செய்தி வந்த பிறகுதான் மதுரையில் சாப்பிட உட்காருவார் என்பதும் ஊர்க்கதை. செய்தி எப்படி வரும்? வழி நெடுக மண்டபங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மணி. ஒரு மணியைக் கேட்டு அடுத்த மணியை அடிப்பார்கள். கட்டபொம்மனுக்கும் திருச்செந்தூருக்கும் இடையே இதே கதை உண்டு, அதனால் ஆராய்ச்சியாளர்கள் சிரிப்பார்கள். நான் கணக்குப் போட்டேன். தூரம் 75 கிலோமீட்டர். ஒலி போக மட்டும் மூன்றே முக்கால் நிமிடம் போதும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி என்றால் 38 பேர். ஒருவருக்கு ஐந்து நொடி தாமதம் என்று வைத்தால் இன்னொரு மூன்று நிமிடத்துச் சொச்சம். மொத்தம் ஏழு நிமிடத்துக்குள் செய்தி மதுரையில். சோறு ஆறாது. நடுவில் ஒருவன் தூங்கிவிட்டால் ராஜா பட்டினி. அப்படி ஒரு நெட்வொர்க்கை யாரும் டிசைன் செய்ய மாட்டார்கள், ஆனால் கதையில் நடக்க முடியாதது ஒன்றும் இல்லை.

கதையைவிட உறுதியானது அவர் பெயர் சொல்லும் அரண்மனை. மதுரை மகாலின் தம்பி மாதிரி, தூண்களும் வளைவுகளுமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் கோயிலோடும் பால்கோவாவோடும் திரும்பிவிடுவதால் அங்கே கூட்டம் இல்லை. எங்கள் தலைமுறைக்கு முந்தையவர்கள் அதை 'கோர்ட்டு' என்றுதான் சொல்வார்கள். வெகுகாலம் நீதிமன்றமாக இருந்தது. மதுரை மகாலும் அப்படித்தான் ஜில்லா கோர்ட்டாக இருந்தது. ராஜா போனபின் அரண்மனையை என்ன செய்வது என்ற கேள்விக்கு வெள்ளைக்காரன் கண்டுபிடித்த எளிய பதில், ஒரு மேசையைப் போட்டு வழக்கு விசாரி. அந்த வழக்கத்தின் மிச்சமோ என்னவோ, விருதுநகர்தான் மாவட்டத் தலைநகரம் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். வரப்புத் தகராறில் ஆரம்பித்து எங்கள் பக்கத்து எல்லாச் சண்டையும் 'வில்லிபுத்தூர்ல பாத்துக்கிறேன்' என்ற ஒரு வாக்கியத்தில் வந்து முடியும்.

ராஜபாளையத்தில் இப்படிக் காட்டுவதற்குக் கட்டடம் என்ன இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் முழிப்போம். ஆறு உண்டு, முடங்கியாறு. மேற்கே மலையிலிருந்து இறங்கும். மழைக்காலத்தில் அய்யனார் கோயில் பக்கம் போனால் ஆறுதான், மற்ற நாளில் மணலும் பாறையும். ஊர் குடிப்பது அந்த மலைத் தண்ணீரை, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக. விஜயநகர, நாயக்கர் காலத்தில் தெலுங்கு தேசத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் பாளையம் இது. கோட்டை என்று முடியும் பெயர்கள் ஊரில் உண்டு, சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை என்று. போய்ப் பார்த்தால் கோட்டை இருக்காது, தெரு இருக்கும், தெருவுக்கு ஒரு சாவடி இருக்கும். கல்யாணப் பேச்சிலிருந்து பஞ்சாயத்துவரை நடந்த இடங்கள் அவை.

1927ல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை வந்தது. அதே வருடம் காந்தியும் வந்தார். 1936ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா, ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பிறகு ஊரின் உயரமான கட்டுமானம் என்றால் மில் புகைபோக்கி, ஊரின் மணி என்றால் மில் சங்கு. தாத்தா கடைசிவரை கைக்கடிகாரம் கட்டியதில்லை.

ஆனால் சின்னத்தின் கதையில் ராஜபாளையத்துக்கு ஒரு இடம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. சின்னம் வந்தது 1949 என்று சொல்லப்படுகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணப் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அன்று பொறுப்பேற்றவர் பூ.ச.குமாரசாமி ராஜா, எங்கள் ஊர்க்காரர். 1950 ஜனவரி 26க்குப் பிறகு அந்தப் பதவிக்கு முதலமைச்சர் என்று பெயர் மாறியது. அப்போதைய சென்னை ராஜ்யத்தில் ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்திருந்தன. சின்னத்தின் மேல் இன்று படிக்கிற 'தமிழ்நாடு' என்ற சொல் அன்று இருந்திருக்க முடியாது, அது மாநிலத்தின் பெயரானதே 1969ல். ஆக, நான்கு மொழி பேசியவர்களுக்கும் பொதுவாக ஒரு தமிழ்நாட்டுக் கோபுரம் நின்றது. தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து கோபுரத்துக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்த ஒருவர் அந்த அரசுக்குத் தலைவராக இருந்தார்.

மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரம் எதற்கு என்று இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒரு தேதி வரிசை. 1939 ஜூலை 8ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947ல்தான் வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் கோபுரம் அரசுக் காகிதத்தில் ஏறிவிட்டது. மதுரையோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, அந்தக் கோபுரத்தின் கீழே நடந்துபோகும் உரிமை எல்லோருக்கும் சட்டப்படி கிடைத்து இரண்டே வருடம்! என் கொள்ளுத்தாத்தாவின் நிலப்பத்திரம் என்று ஒன்று இருந்திருந்தால் அதில் அந்த முத்திரை இருந்திருக்கும். நிலம் இல்லாததால் பத்திரமும் இல்லை.

குமாரசாமி ராஜாவுக்கு என்ன ஆயிற்று? 1952 பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்றார். முதலமைச்சராக இருந்துகொண்டே தோற்றார். கோபுரத்து நிழலில் இருந்தவர்கள் ஓட்டுப் போடவில்லை. பிறகு 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநர். 1957ல் காலமானார். ராஜபாளையத்தில் இருந்த தன் சொந்த வீட்டை ஊருக்கே கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம். முதலமைச்சராக இருந்த ஒருவர் வீட்டைக் கொடுத்தார் என்ற செய்தி, பள்ளி நாட்களில் அங்கே பேச்சுப்போட்டிக்குப் போனபோது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸா, டம்ளரா என்பதுதான் எங்கள் விவாதம்.

சென்ற ஆடியில் அந்த மதுரை நண்பனை ஆடிப்பூரத் தேருக்கு அழைத்து வந்தேன். கூட்டத்தில் தேரை ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. திரும்பும்போது ரோட்டில் நின்று போனை உயர்த்திக் கோபுரத்தைப் படம் எடுத்தான். முழுதாக ஃப்ரேமுக்குள் வரவில்லை. பின்னால் நகர்ந்தான், இன்னும் நகர்ந்தான், பூக்கடை, டீக்கடை எல்லாம் தாண்டிப் போனான். "இப்ப வருதா?" என்று கத்தினேன். கையை ஆட்டினான். அருகில் போய்ப் பார்த்தேன். கலசம் வரைக்கும் வந்திருந்தது.

"மேலக் கோபுரம் மாதிரி இல்லல்ல?" என்றேன்.

"அந்த ஐகான எவ்ளோ பிக்சல்ல போட்ட?" என்று கேட்டான்.

"32."

"அதுல ரெண்டும் ஒண்ணுதான்டா" என்று சொல்லிவிட்டு, பால்கோவா எந்தக் கடையில் வாங்கலாம் என்று விசாரிக்கப் போய்விட்டான்.