காதல் என்பது பொதுவுடமை

காதல் என்பது பொதுவுடமை: 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி திரையரங்குகளில் வெளியான தமிழ்த் திரைப்படம். இரு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட காதலைக் கதையின் ஓரத்தில் ஒதுக்காமல் நடுவில் வைத்து, அதனைக் கேலிக்கோ பீதிக்கோ இரையாக்காமல் எடுத்துரைத்த தமிழ்ப் படங்களுள் முக்கிய ஸ்தானம் பெறத்தக்கது. இயக்கியவர், லென்ஸ், தலைக்கூத்தல் ஆகிய படங்களை முன்னர் அளித்த ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன். லிஜோமோள் ஜோஸ், அனுஷா பிரபு, ரோகிணி, வினீத், கலேஷ், தீபா ஆகியோர் பிரதான பாத்திரங்களை ஏற்றனர். இசை கண்ணன் நாராயணன். மலையாள இயக்குநர் ஜியோ பேபியின் ஆதரவோடு வந்த இப்படம் 2023 நவம்பரில் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவுக்குத் தேர்வாகி, அதன்பின் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தே பொதுஜனங்களின் பார்வைக்கு வந்தது.

கதை பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நடப்பது. சாம் என்னும் இளம்பெண் தன் தாயார் லட்சுமியோடு வசிக்கிறாள். லட்சுமி கணவரைப் பிரிந்து தனியே நின்று மகளை வளர்த்தவள். பொதுக்காரியங்களில் ஈடுபாடும் முற்போக்கான அபிப்பிராயங்களும் உடையவள். மகள் தனக்கு ஒரு காதல் உண்டென்று சொன்னபோது குலமும் கோத்திரமும் விசாரிக்காமல், வீட்டுக்கு அழைத்து வா என்று சொல்லும் தாராளமும் அவளுக்கு இருக்கிறது. வந்த இளைஞன் ரவீந்திராவே மகளின் மனத்துக்கு உகந்தவன் என்று எண்ணி அவள் உபசரிக்க, அவன் வெறும் தோழன் என்பதும், சாம் நேசிப்பது நந்தினி என்ற பெண்ணை என்பதும் பின்னர் வெளிப்படுகின்றன. அந்தக் கணத்திலிருந்து படம் காதலர்களைப் பற்றியது என்பதைவிடத் தாயைப் பற்றியதாகிவிடுகிறது. ஊருக்கெல்லாம் நியாயம் பேசிய ஒருத்தி, அதே நியாயம் தன் வீட்டு நடைக்கு வந்து நின்றபோது தடுமாறுவதையும், அத்தடுமாற்றத்தைக் கண்டு தானே வெட்குவதையும் ரோகிணி நடித்துக் காட்டும் விதம் இப்படத்தின் ஜீவன். குரல் உயர்த்திப் பேசும் இடங்களைவிடப் பேச்சற்று நிற்கும் இடங்களில் அவருடைய நடிப்பு மேலோங்குகிறது. பிரிந்துபோன தகப்பனாராக வினீத்தும், வீட்டு வேலைகளில் உதவும் மேரியாகத் தீபாவும் அவரவர் நிலையில் நின்று அதே அதிர்ச்சியைப் பிரதிபலிக்கின்றனர்.

இக்கதையமைப்பு தமிழுக்குப் புதிதன்று என்பதே இங்கு வற்புறுத்திச் சொல்லத்தக்கது. களவொழுக்கத்தில் நிற்கும் தலைவியின் மறைவான காதலைத் தோழி வளர்ப்புத் தாயாகிய செவிலிக்கும், செவிலி பெற்ற தாயாகிய நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் முறையே வெளிப்படுத்தும் துறைக்கு அகத்திணை நூலார் அறத்தொடு நிற்றல் என்று பெயரிட்டனர். காதலை மறைக்காமல் உரிய இடத்தில் சொல்லிவிடுவதே அறத்தின் பக்கம் நிற்பது என்பது அவர்களது கொள்கை. இப்படம் முழுவதும் அந்த ஒரு துறையின் விஸ்தாரமே. தோழியின் ஸ்தானத்தில் ரவீந்திராவும், செவிலியின் இடத்தில் மேரியும், நற்றாயாக லட்சுமியும் நிற்கின்றனர். தலைவனுக்குரிய இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள் என்பது ஒன்றே மாறுதல். இத்தகைய காதல் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான நாகரிகம் என்று வாதிப்போர், அது சொல்லப்படும் முறை இவ்வளவு இயல்பாகப் பழைய துறைக்குள் அடங்குவதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும்.

இதே காலத்தில் தாய்லாந்து தேசத்துத் தொலைக்காட்சியில் இவ்விஷயம் வேறொரு மார்க்கத்தில் வளர்ந்திருந்தது. அங்கே இரு பெண்களைப் பிரதான ஜோடியாக வைத்த முதல் தொடர் என்று பொதுவாகக் கருதப்படும் 'கேப்', 2022 நவம்பர் 19 முதல் 2023 பிப்ரவரி 11 வரை, சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு பகுதிகள் மூன்றாம் அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று. சாவ் பிளானாய் என்னும் புனைபெயருடைய எழுத்தாளரின் நாவலைத் தழுவி ஐடல் ஃபேக்டரி நிறுவனம் தயாரித்த இத்தொடரில் சரோச்சா சான்கிம்ஹாவும் ரெபெக்கா ஆம்ஸ்ட்ராங்கும் நடித்தனர். பிரபு வம்சத்தில் பிறந்து ஒரு நிறுவனத்தை நடத்திவரும் பெண்ணுக்கும், சிறுவயது முதலே அவளை மனத்தில் வைத்திருந்து அந்நிறுவனத்திலேயே வேலைக்குச் சேரும் பெண்ணுக்கும் மூளும் காதலே கதை; வம்ச கௌரவத்தைக் கட்டிக்காக்கும் பாட்டியே அதற்கு இடையூறு. நிறுவனத்தை நடத்தும் அக்கதைத் தலைவியின் பெயரும் சாம் என்று அமைந்தது தற்செயல் பொருத்தமே. ஆனால் இரு கதைகளிலும் வீட்டின் மூத்த பெண்ணே வாசலை அடைத்து நிற்கிறாள் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. குடும்பத்தின் மானம் பெண்களின் காவலில் ஒப்படைக்கப்பட்டிருக்கும் சமூகங்களில் பெண்ணுக்குப் பெண்ணே நீதிபதியாக அமர்ந்துவிடுகிறாள்.

'கேப்' ஒளிபரப்போடு நில்லாமல் யூடியூபிலும் வெளியிடப்பட்டதால், தாய்லாந்து மொழி அறியாதவர்களையும் மொழிபெயர்ப்பு வரிகளின் உதவியால் எட்டிற்று. அதன்பின் அதே வகைத் தாய்லாந்துத் தொடர்களான '23.5', 'தி சீக்ரெட் ஆஃப் அஸ்' ஆகியவை 2024-இல் தொடர்ந்தன. தேனி, கம்பம், கோயம்புத்தூர் திசைகளுக்குச் செல்லும் பஸ்கள் புறப்படும் மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில், மாலை வேளையில் கல்லூரி விட்டு ஊர் திரும்பும் பெண்பிள்ளைகள் ஜன்னலோரம் இடம் பிடித்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கைபேசியின் சிறு திரையில் ஓடும் அந்நிய மொழிக் கதைகளை அடிவரி படித்துப் படித்துப் பார்த்துக்கொண்டு போவது இன்று சாதாரணக் காட்சி. கொரியாக் கதையாயினும் தாய்லாந்துக் கதையாயினும் அவர்களுக்கு மொழி ஒரு தடையாக இல்லை. அவர்களுள் ஒருத்தி தன் மனத்தின் சாயலை முதன்முதலாக ஒரு தாய்லாந்துத் தொடரில் காண நேர்ந்தால், அந்த அவசியத்தை உண்டாக்கியது தமிழ்த் திரையின் மௌனமே.

மதுரை ஜில்லாவுக்கு இவ்விஷயத்தில் திரைக்கு வெளியே ஒரு சரித்திரம் உண்டு. ஒருவரையொருவர் நேசித்த மதுரை இளம்பெண்கள் இருவர், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னை சென்று தஞ்சம் புகுந்தனர். அகத்திணை நூலார் வாக்கில் சொன்னால் உடன்போக்கு. பெற்றோர் மதுரைப் போலீஸ் நிலையங்களில் மகள்களைக் காணோம் என்று புகார் கொடுக்க, பெண்கள் பாதுகாப்புக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய ஞானம் இல்லை என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, மனநல ஆலோசகர் ஒருவரிடம் தாமே மாணாக்கராக அமர்ந்து விளக்கம் கேட்டறிந்த பிறகே தீர்ப்பை வழங்கினார். நியாயாசனத்தில் இருப்பவர் தம் அறியாமையை அறிக்கையிட்டுக் கற்கப் புகுவது அபூர்வமான காரியம்; அத்தீர்ப்பின் வாசகங்களுக்கு நிகராக அச்செயலும் நினைக்கப்பட வேண்டும். 2021 ஜூன் 7-ஆம் தேதியிட்ட அவரது உத்தரவு, வயதுவந்த இருவர் தம் இஷ்டப்படி சேர்ந்து வாழ்வது தெரிந்தால் காணாமற்போனவர் புகாரைப் போலீஸார் முடித்துவிட வேண்டும் என்றும், இந்த ஈர்ப்பை வியாதி போலப் பாவித்து மாற்ற முயலும் சிகிச்சைகள் கூடாது என்றும் விதித்தது. அதன் தொடர்ச்சியாக 2022-இல் போலீஸார் நடத்தை விதிகளில், தன்பாலீர்ப்பினர் உள்ளிட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்தலாகாது என்ற திருத்தம் சேர்க்கப்பட்டது. இவர்களைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்களின் பட்டியலையும் தமிழக அரசு வெளியிட்டது.

படம் வெளியாகி மூன்று மாதங்கள் கழிந்தபின், 2025 மே 22 அன்று, வீட்டாரால் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவளது துணைவியோடு செல்ல அனுமதித்து, நீதியரசர்கள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் அதே உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தனர். விவாகம் ஒன்றே குடும்பத்துக்கு வழி அன்று என்று கூறிய அத்தீர்ப்பில், தன் மகனின் இயல்பை ஏற்று அவனுக்காக எழுதிய, உயர் நீதிமன்றமொன்றின் முன்னாள் தலைமை நீதிபதி லீலா சேத்தும் நினைவுகூரப்பட்டார். இப்பெண்ணின் அன்னை லீலா சேத் அல்லர் என்று நீதிபதிகள் பரிவோடு குறித்தனர். சினிமாவில் லட்சுமி நின்ற அதே இடத்தில் நிஜ வாழ்வின் அன்னை ஒருத்தி நின்றாள்.

இந்தியத் திரையில் முன்னோடிகள் இல்லாமலில்லை. தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1998-இல் இந்தியாவில் வெளியானபோது பம்பாயிலும் தில்லியிலும் கொட்டகைகள் தாக்கப்பட்டன. மலையாளத்தில் லிஜி புல்லாப்பள்ளியின் 'சஞ்சாரம்' 2004-இல் வந்தது. தொடர் வடிவில் முதன்முயற்சியாகக் குறிப்பிடத்தக்கது, பெங்களூரைச் சேர்ந்த ரூபா ராவ் 2016-இல் யூடியூபில் வெளியிட்ட 'தி அதர் லவ் ஸ்டோரி'. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இரு கல்லூரிப் பெண்களிடையே மலரும் நேசத்தைப் பன்னிரண்டு பகுதிகளில் அவசரமின்றிச் சொல்வது.

அந்த அவசரமின்மைதான் தமிழ்ப் படத்துக்கு வாய்க்கவில்லை. சாமும் நந்தினியும் தம் காதலுக்காக வாதாடுவதை நாம் நிறையக் கேட்கிறோம். அவர்கள் காதலிப்பதைப் பார்க்கக் கிடைப்பதோ சொற்பம். முதல் சந்திப்பும், ஊடலும், காத்திருப்பும், சில்லறைப் பொறாமைகளும் தாய்லாந்துத் தொடரில் வாரக்கணக்கில் விரிவதற்குக் காரணம், அங்கே இரு பெண்கள் காதலிக்கலாமா என்ற விவாதத்திலேயே கதை முழுவதையும் செலவிட வேண்டியிருக்கவில்லை என்பதே. அத்தேசத்தில் பாலின பேதமற்ற விவாகச் சட்டம், இப்படம் வெளியாவதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 2025 ஜனவரி 23 அன்று அமலுக்கு வந்தது. இந்தியாவிலோ அத்தகைய விவாகத்தை அங்கீகரிக்கச் சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்திருந்தது. ஆகவே தமிழ்ப் படம் ஒரு மனுவின் தொனியில் பேசியது வியப்பன்று. அந்த மனுவை அது கண்ணியத்தோடும் துணிவோடும் சமர்ப்பித்தது.

அடுத்த கட்டத்துக்குரியவர்கள் நம் தொலைக்காட்சி நிலையத்தாரும் இணையத்தொடர் தயாரிப்பாளர்களும். வருஷக்கணக்கில் மாமியார் மருமகள் கலகங்களுக்கு இரவு நேரத்தை ஒதுக்கிக் கொடுக்கும் அவர்கள், இரு தமிழ்ப் பெண்களின் காதலைச் சாவகாசமாகச் சொல்லப் பன்னிரண்டு வாரங்கள் ஒதுக்கவேண்டும். அதை எழுத, அவ்வாழ்வை உள்ளிருந்து அறிந்த பெண்களையே அழைக்கவேண்டும்.