துண்டும் கதையும்: ஊவாத் தோட்டங்களின் வாய்மொழி மரபு பற்றிய ஒரு குறிப்பு

கதை சொல்லல் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்னும் கருத்து நமது இலக்கிய வரலாற்றாசிரியர் பலரிடையே இன்றும் வேரூன்றியுள்ளது. எழுத்தைத் தம் கைக்குள் வைத்திருந்த வர்க்கங்களின் நோக்கு இது. எழுத்துத் தமக்கு எதிராகவே பயன்படக் கண்ட மக்களிடையே கதை ஆற்றிய பணி வேறானது. பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

ஜெர்மானிய மார்க்சிய விமர்சகரான வால்டர் பெஞ்சமின், 1936இல் வெளிவந்த கட்டுரையொன்றில், கதைசொல்லும் கலை கைவினை உழைப்போடு பிணைந்து வளர்ந்தது என்றும், நூற்றலும் நெய்தலும் மறையவே கதை கேட்கும் செவியும் மறைகின்றது என்றும் வாதிட்டார். ஐரோப்பாவுக்கு இது பெரிதும் பொருந்தலாம். ஆனால் பெருந்தோட்டம் கைவினைக் களமன்று. பிரட்டுக்களத்தில் ஆளெண்ணிக்கை, மலையில் நிரை, மடுவத்தில் கொழுந்து நிறுவை என உழைப்பு முழுவதும் ஆலை ஒழுங்கில் நிகழும் இடம் அது. அவ்வாறாயின் இங்கு கதை ஏன் மறையவில்லை என்ற வினா எழுகின்றது.

விடையைத் தோட்டத்து எழுத்தின் தன்மையிலே தேடவேண்டும். கோப்பிக் காலந்தொட்டுத் தொழிலாளி கண்ட எழுத்துக் கணக்கெழுத்தே. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த 'துண்டு', அவனைக் கடனோடு சேர்த்துத் தோட்டம்விட்டுத் தோட்டம் கைமாற்றியது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே இம்முறையை ஒழித்தது. செக்ரோலில் அவன் பெயர் கூலிநாட் கணக்காக மட்டுமே இடம்பெற்றது. விட்டுவந்த ஊர், நடந்துவந்த வழி, வழியில் இறந்தோர் பெயர் ஆகியன அப்பேரேட்டில் ஏறவில்லை. அவை லயத்து இஸ்தோப்பில், இரவு வேளையில், அப்பாயியின் வாய்மொழியாகப் பேரப்பிள்ளைகளைச் சென்றடைந்தன. கதை தொழிலாளியின் ஆவணக் காப்பகமாயிற்று.

தனி நினைவாக நின்ற இதற்குக் கூட்டு வடிவம் அளித்தவை கூத்துகள். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத்தின் முதன்மையான ஆற்றுகைகள். மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தில் எரியுண்ட மன்மதனுக்காக ரதி புலம்புகையில், மண்ணில் இழந்தோரையெல்லாம் நினைந்து அழும் வாய்ப்பு லயத்துப் பெண்களுக்குக் கிட்டுகின்றது. எனினும் இம்மரபை முழுமையாகப் போற்றுதல் அறிவியல் நோக்காகாது. பொன்னர் சங்கர் கதை நிலவுடைமைச் சாதிப் பெருமையைச் சுமந்தே கடல் கடந்தது. மரபில் ரதி வேடத்தையும் ஆணே பூண்டான். ஒடுக்குமுறைக்கெதிரான நினைவும் ஒடுக்குமுறையின் எச்சமும் ஒரே கதையுள் உறைவது வர்க்க சமுதாயத்தின் இயல்பாகும்.

இன எல்லையையும் கதை கடந்தது. ஊவா மாகாணத்தின் தென்கோடியிலுள்ள கதிர்காமத்து வள்ளி கதை தமிழருக்கும் சிங்களவருக்கும் வேடருக்கும் உரியது. வேட்டுவ மகளைத் தெய்வம் மணந்த இக்கதையை ஒவ்வொரு சமூகமும் தன் வாழ்க்கைநிலைக்கேற்பச் சொல்லிக்கொண்டது. அரசியல் பிரித்த மக்களிடையே ஒரு பொதுச்சொத்து இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

கதைக்கும் காகிதத்துக்குமிடையிலான முரண்பாடு 1948இல் உச்சமடைந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், வம்சாவழிக் குடியுரிமைக்குத் தந்தை இலங்கையிற் பிறந்தமையை, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமையை நிறுவுமாறு கோரியது. எந்தத் தலைமுறை எந்த மலையைத் திருத்தியது எனத் தொழிலாளி சொல்ல வல்லவன். ஆனால் சட்டம் கேட்டது பத்திரம். பத்திரமற்ற வாய்மொழி சான்றாகவில்லை. 1964 அக்டோபரில் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சமமாகப் பிரிக்கப்பட்டனர். கதை சொன்ன தலைமுறையும் கேட்ட தலைமுறையும் கடலின் இரு கரைகளிலாயின. எஞ்சிய நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்பின்னணியிலேயே மலையக எழுத்தின் முக்கியத்துவத்தை மதிப்பிடவேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாக்கினார். பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022), தாம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையே புனைபெயரிற் சூடி, 'நாமிருக்கும் நாடே' (1979) முதலிய தொகுதிகளில் லயத்து வாழ்வை அச்சேற்றினார். துண்டாகவும் செக்ரோலாகவும் தொழிலாளியைக் கட்டிய எழுத்து, அவனது குரலாக மாறத் தொடங்கியமை ஒரு பண்பு மாற்றமாகும்.

ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. அத்தகைய லயமொன்று புதையும்போது உயிர்களோடு ஓர் ஊரின் எழுதப்படாத வரலாறும் புதைகின்றது. ஆகவே வாய்மொழிக் கதைகளைத் திரட்டுதல் நாட்டாரியல் ஆர்வத்தோடு நின்றுவிடலாகாது. அது காணியுரிமைக்கும் பாதுகாப்பான குடியிருப்புக்குமான கோரிக்கையோடு இணைந்து நடைபெற வேண்டும். மலையைத் திருத்தியவர் எவர் என்பதற்குச் சான்று கூறும் கதைகள் அவை.