அனுப்பியதற்குக் கணக்கு உண்டு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் படுகையைப் புரட்டிப் போட்ட மழைக்குப் பிறகு, வெள்ளம் முழுசாக வடிவதற்குள்ளேயே ஒரு சச்சரவு கிளம்பிவிட்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியிருந்தது. எச்சரிக்கை தாமதம், சொன்ன அளவும் குறைவு என்றது மாநில அரசு. 12-ஆம் தேதியே சொல்லியாயிற்று என்றது மத்திய அரசு. இரு தரப்பும் சண்டையிட்டது பெரும்பாலும் பதிவேட்டின் ஒரே பத்தியை வைத்துத்தான்: அறிக்கை என்றைக்கு, எத்தனை மணிக்கு வெளியானது? ஆற்றோர ஊர்களான ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் அது எத்தனை வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது என்பது வாதத்தின் நடுவுக்கு வரவே இல்லை. அந்த டிசம்பரின் குறை மட்டும் அல்ல இது. அறிவிப்புக்கான பதிவேடு என்பதே நெடுங்காலமாக அறிவித்தவரைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டு வந்த ஒன்று. கைபேசி நோட்டிபிகேஷனுக்கு இன்று தயாராகும் அறிக்கையும் அந்த வம்சத்தில் வந்ததுதான் என்பது என் வாதம்.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் பார்த்தால் வம்சம் இரண்டாகப் பிரியும் இடம் தெரியும். நிலத்தை ஜப்தி செய்தால் அந்த நிலத்திலோ பக்கத்திலோ தமுக்கடித்தோ வழக்கமான வேறு முறையிலோ சொல்ல வேண்டும். உத்தரவின் நகலை நிலத்திலும் கோர்ட்டுக் கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். தமுக்கடித்ததற்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கலாம். காதில் வாங்கியவர் யார் என்று கேட்கும் பத்தி கிடையாது. சம்மன் விஷயத்தில் அதே சட்டம் வேறு முகம் காட்டுகிறது. எத்தனை மணிக்கு, எப்படிச் சார்பு செய்யப்பட்டது, ஆளை அடையாளம் காட்டியவர் யார், பார்த்த சாட்சியின் பெயரும் விலாசமும் என்ன என்று சம்மன் கொண்டுபோன ஊழியர் எழுதித் தர வேண்டும். வாங்கியவர் கையெழுத்தும் வேண்டும். மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு, ஒட்டிய சூழ்நிலையை எழுத வேண்டும். ஏன் இந்த வேறுபாடு? பிரதிவாதி நாளைக்குக் கோர்ட்டில் நின்று “எனக்கு வரவே இல்லை” என்று சொல்ல முடியும். ஊருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எதிர்த்துக் கேட்க ஆள் இருக்கும் இடத்தில்தான் பத்திகள் கூடுகின்றன. கேட்டவர் மட்டுமல்ல, அடித்தவரும் ஏட்டுக்கு ஒரு பொருட்டல்ல. பல ஊர்களில் தலித் மக்கள் மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்டிருந்த அந்தத் தமுக்கடிக்கும் (தண்டோரா) வேலையை நிறுத்தும்படி தமிழகத்தின் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு கலெக்டர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான்.

ஆப்பிள் 2009-லும் கூகுள் 2010-லும் கைபேசிக்கு நோட்டிபிகேஷன் தள்ளும் சேவையைத் தொடங்கின. கூகுளின் இன்றைய சேவையான பயர்பேஸ் தரும் அறிக்கையில் நான்கு பத்திகள்: அனுப்பியது, பெற்றது, காட்டியது, திறந்தது. பார்த்தால் சம்மன் அறிக்கையின் சாயல். நுணுகிப் படித்தால் தமுக்கின் சாயல். ‘அனுப்பியது’ என்றால் செய்தி வரிசையில் ஏறியது, அல்லது ஆப்பிளின் சர்வர் கையில் கொடுக்கப்பட்டது என்பதோடு சரி. போன் அணைந்து கிடந்தாலும் அந்த எண் குறையாது. ‘பெற்றது’ ஆண்ட்ராய்டு போன்களுக்கு மட்டும். ‘திறந்தது’ தான் ஆளைத் தொட்ட எண் என்று பலரும் நம்புகிறார்கள்; அதிலும் ஓட்டை. ஆற்றோரம் நிற்க வேண்டாம் என்ற வரியைப் பூட்டிய திரையிலேயே படித்துவிட்டு மாட்டை மேட்டுக்கு ஓட்டிப்போனவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். தள்ளிவிடப் போய்ப் பெருவிரல் பட்டுத் திறந்துகொண்டவர் வந்துவிடுவார். நான்கில் மிகப் பெரிய எண்ணும் மிகக் குறைவாகச் சொல்லும் எண்ணும் ஒன்றே: முதல் பத்தி. மேலதிகாரியின் மேசைக்குப் போவதும் பெரும்பாலும் அதுதான்.

பேரிடர் எச்சரிக்கைக்கு இப்போது வரும் செல் பிராட்காஸ்ட் முறைக்கு அந்த நான்கு பத்திகூட இல்லை. தமிழ்நாட்டில் 2023 அக்டோபர் 20-ஆம் தேதி, வெள்ளத்துக்கு இரண்டே மாதம் முன்பு, அதைச் சோதித்துப் பார்த்தார்கள். டவர் தன் எல்லையில் உள்ள எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் சொல்கிறது. போன் பதில் சொல்வதில்லை. அதுதான் அதன் பலம் என்பார்கள்: நம்பர் தேவையில்லை, லட்சம் பேர் இருந்தாலும் நெரிசல் இல்லை, யாரையும் வேவு பார்க்கவும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவசரத்தில் ஒப்புகை கேட்க முடியாது என்று அதிலிருந்து தாவுவது சரியில்லை. ரயில்வேயில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இன்னொருவருக்குத் தகவல் சொன்னால், வாங்கியவர் தன் தாளில் உள்ள ‘பிரைவேட் நம்பர்’ ஒன்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது ஏட்டில் ஏற வேண்டும். அந்த டிசம்பர் இரவில் சுமார் 800 பயணிகளோடு வந்த செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போன தகவலால் ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்தப்பட்டது. தகவல் யாரிடம் போக வேண்டும், போனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே முன்பே தீர்மானமானது.

கணித்த மழையே குறைவு, அப்புறம் எச்சரிக்கை சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அது வேறு கோளாறு. எச்சரிக்கைச் செய்திக்கான சர்வதேச வடிவம் கடுமை, அவசரம், உறுதி மூன்றையும் தனித்தனிப் பத்தியாகவே வைத்திருக்கிறது. கணிப்பு தவறியதா என்பதை அங்கே சோதிக்கலாம். சேர்ந்ததா என்பதைச் சோதிக்கத் தனி ஏடு வேண்டும், அதற்கு யார் போனையும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வெள்ளத்தில் கரண்ட் போய், பல ஊர்களில் சிக்னலும் போனது. எந்த டவர் எத்தனை மணிக்கு நின்றது என்பது தொலைபேசி நிறுவனங்களின் கருவிகளிலேயே பதிவாகும் விவரம். அனுப்பிய நேரத்துக்குப் பக்கத்தில் அந்த நேரத்தையும் எழுதினால், கிராம நிர்வாக அலுவலர் ஆள் அனுப்பிக் கதவைத் தட்ட வேண்டிய ஊர்களின் பட்டியல் அன்று இரவே கையில் இருக்கும்.