இரண்டு எழுத்துப் பிழை

சங்கரன்கோவிலுக்கு ஆடித் தபசு பார்க்கப் போனவர்கள் புற்றுமண் வாங்காமல் திரும்புவதில்லை. நெற்றியில் இட்டுக் கொள்வார்கள். சிரங்கு, படை வந்தால் குழைத்துப் பூசுவார்கள். சில வருஷங்களுக்கு முன், தபசுக் கூட்டம் கலைந்த பிறகு, எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆச்சி மடியிலிருந்து புற்றுமண்ணை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினாள்.

"ஏளா, மார்லே கொஞ்சம் பூசிக்கோ."

பேத்திக்கு ஒரு நோயும் கிடையாது. ஆனால் ஆச்சியின் தாயாரும், தங்கையும், பெற்ற மகளும் மார்பில் கட்டி வந்து நாற்பது வயதுக்குள் போனவர்கள். இந்தப் பெண் ஆச்சியின் மகன் வயிற்றுப் பேத்தி.

"இது பொம்பளை வழியா வர்ற சாபம், தம்பி. எம் மவன் ஆம்பிளை. அவன் பிள்ளைக்கு வராதுல்லா? இருந்தாலும் ஒரு பயந்தான்" என்றாள்.

நானும் விவரம் தெரிந்தவனைப் போலத் தலையை ஆட்டி வைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

மார்புப் புற்றுநோய் சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதைப் பிரெஞ்சு வைத்தியர் பால் புரோக்கா 1866-லேயே, தம் மனைவியின் குடும்பத்தை வைத்து எழுதினார். அது உடம்பில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிய நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1990-ல் அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் என்ற அம்மையார், பதினேழாவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-ல் அந்த மரபணுவையே கண்டுபிடித்து விட்டார்கள். பி.ஆர்.சி.ஏ.1 என்று பெயர்.

இதன் வேலையைப் பத்திரிகைக்கு எழுதுகிற நான் எளிதில் புரிந்து கொள்கிறேன். அறுந்து போகும் மரபு இழைகளைச் சரிபார்த்து ஒட்டுகிற புரூப் ரீடர் அது. அதிலேயே பிழை விழுந்து விட்டால், மற்றப் பிழைகளைத் திருத்த ஆள் ஏது? ஒவ்வொரு மரபணுவிலும் தாய் தந்த பிரதி ஒன்று, தகப்பன் தந்த பிரதி ஒன்று நமக்குண்டு. பழுதான பிரதி உள்ளவர் ஆணாயினும் பெண்ணாயினும், பிறக்கும் குழந்தைக்கு அது போய்ச் சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண் அநேகமாக நோயின்றியே சுமந்து சென்று மகளிடம் கொடுத்து விடுவான். பாதி சங்கரனும் பாதி நாராயணனுமாக நிற்கும் சுவாமியின் ஊரில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவில்லை, பாருங்கள்!

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக் குமரவேல் சோமசுந்தரமும் அவருடைய கூட்டாளிகளும் 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே நோய் கண்ட தென்னிந்திய நோயாளிகள் 61 பேரைப் பரிசோதித்ததில், 17 பேரிடம் இந்த மரபணுவிலோ இதன் ஜோடியான பி.ஆர்.சி.ஏ.2-லோ மாறுதல் இருந்தது. அதிலும் 10 பேரிடம் அச்சாக ஒரே பிழை: 185-வது இடத்தில் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துக்கள் விடுபட்டிருந்தன. இரண்டே எழுத்துத்தான்; ஆனால் 1,863 கண்ணிகள் கோக்கப்பட வேண்டிய புரதச் சங்கிலி நாற்பதைக்கூட எட்டாமல் அறுந்து விடுகிறது.

இதே இரண்டெழுத்துப் பிழை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்களிடையே பிரசித்தமானது. இதைப் படித்ததும் என் கற்பனை கப்பலேறி விட்டது. கொச்சித் துறைமுகம், மிளகு மூட்டை, ஒரு யூத வணிகன், ஒரு தமிழ்ப் பெண் என்று அத்தியாயம் பிரிக்கத் தொடங்கினேன். 2007-ல் வெளிவந்திருந்த இன்னொரு கட்டுரை என் நாவலைக் கவிழ்த்தது. ஓர் இந்தியக் குடும்பத்தில் இந்தப் பிழைக்கு அக்கம்பக்கத்து அடையாளங்களை ஒப்பிட்டு, அது யூதர்களிடமிருந்து வராமல் இங்கேயே தனியாகத் தோன்றியது என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஒரு குடும்பத்தைக் கொண்டு எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் வணிகனை இறக்கி விட்டேன்.

மார்புப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் இப்படிப் பரம்பரையாக வருவது. யாரும் வீணாகக் கலங்க வேண்டாம். ஆனால் ஆச்சி வீட்டுக் கதை வேறு. மறுபடியும் சங்கரன்கோவிலுக்குப் போய், அன்று தலையாட்டியது தவறு என்று சொன்னேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் ஏற்பட்ட அடையாறு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

ஆச்சியின் மகன் வாசற்கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க, அண்ணாச்சி. பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம்."

அதுவரை பேசாதிருந்த பெண் நிமிர்ந்தாள். "அப்பா மூலமாத்தானே எனக்கு வரணும்? அப்படின்னா முதல்லே அப்பா ரத்தத்தைத்தானே பார்க்கணும்? அப்பாவுக்கு இல்லேன்னா எனக்கும் அந்தப் பிழை இல்லையே!"

அவர் வெகுநேரம் மகளையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார்.