விருந்தாக வந்த பொம்மை



வரலாறு என்றவுடன் கோட்டையும் கொத்தளமும், போரும் முடிசூட்டு விழாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு கைக்குள் அடங்கிவிடக் கூடியது. உடை உடுத்தி, அணி பூண்டு, ஒரு நாட்டு மக்களின் கோலத்தைத் தாங்கி நிற்கும் பொம்மையைப் பற்றியே பேசப் போகிறேன். பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த ஒருவன் பொம்மையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கலாம். பொம்மை சிறு பிள்ளைகளுக்கே உரியது என்று ஒதுக்கிவிட்டவர்கள், வரலாற்று நூலில் ஓர் அழகிய ஏட்டைப் படியாமலே புரட்டிவிட்டவர்கள் என்பது என் கருத்து.

உடை உடுத்திய பொம்மைக்கு உலகில் ஒரு பெரும்பணி இருந்ததுண்டு. அச்சிட்ட உடைப் படங்கள் பெருகாத காலத்தில், பாரிஸ் நகரத்தில் எத்தகைய ஆடை புதிதாக வழங்குகிறது என்பதைப் பிற நாட்டு அரண்மனைகளுக்கும் தையற்காரர்களுக்கும் அறிவித்தவை பொம்மைகளே. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இவை ஐரோப்பிய நகரங்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டன. பண்டோரா என்பது இவற்றுக்கு வழங்கிய பெயர். பிரான்சும் இங்கிலாந்தும் போரிட்டுக்கொண்டிருந்த நாளிலும் இப்பொம்மைகள் கடல் கடந்து செல்ல வழி விடப்பட்டது என்று கூறுவர். தூதுவருக்குரிய மதிப்பு பொம்மைக்கும் கிடைத்தது!

நம் நாட்டிலும் ஒரு பொம்மை தூது வந்தது. ஒருவருடைய உள்ளத்தையே மாற்றியது. அவ்வரலாறு நீங்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது.

கேரளத்துக் காயங்குளத்தில் 1902ஆம் ஆண்டு பிறந்தவர் கே. சங்கர் பிள்ளை. கேலிச் சித்திரம் வரைவதில் இந்தியாவிற்கே வழிகாட்டியாய் விளங்கியவர். 1948இல் ‘சங்கர்ஸ் வீக்லி’ என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு குழந்தைகளுக்கென ஓவியப் போட்டி ஒன்றையும் ஏற்படுத்தினார். அது விரைவிலேயே பல நாட்டுக் குழந்தைகளும் கலந்துகொள்ளும் போட்டியாக வளர்ந்தது. 1950களின் தொடக்கத்தில், அப்போட்டியில் பரிசாக வழங்குவதற்கென்று ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையை அவரிடம் அளித்தார். அது தன் நாட்டு உடையில் அழகுறத் திகழ்ந்தது. சங்கர் அதைக் கண்டார், உள்ளம் பறிகொடுத்தார். ஒரு நாட்டின் மக்களையும் அவர்தம் வாழ்வையும் குழந்தைகளுக்கு உணர்த்த இதைவிட எளிய வழி வேறு உண்டோ என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. ஒவ்வொரு நாட்டுப் பொம்மையையும் திரட்ட வேண்டும் என்னும் ஆர்வம் அன்றே வேர்விட்டது.

பிரதமர் நேரு வெளிநாடுகளுக்குச் சென்றபோது உடன் சென்ற பத்திரிகையாளர்களுள் சங்கரும் ஒருவர். சென்ற இடமெல்லாம் அவர் பொம்மைகளைத் தேடினார். ஒன்று பத்தாயிற்று, பத்து ஐந்நூறாயிற்று. ஐந்நூறு பொம்மைகள் சேர்ந்தபின் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, வீட்டுக்கு வருவோரிடம் காட்டி மகிழ்ந்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. வெளிநாடு செல்லும் வாய்ப்பைக் கனவிலும் காணாத ஏழைக் குழந்தைகளும் இவற்றைப் பார்க்க வேண்டும் என்று கருதி, ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தினார்.

அதனால் நேர்ந்த இடரும் ஒன்றுண்டு. அடிக்கடி கட்டுவதும் அவிழ்ப்பதும் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்ததால் பொம்மைகள் உடைந்தன. தில்லியில் நடந்த கண்காட்சி ஒன்றுக்கு நேருவும் அவர் மகள் இந்திரா காந்தியும் வந்தபோது சங்கர் தம் குறையை எடுத்துரைத்தார். இவற்றுக்கு நிலையான ஓர் இல்லம் அமைக்கலாமே என்றார் இந்திரா. 1965 நவம்பர் 30ஆம் நாள், குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் தில்லியில் அப்பொம்மைக் காட்சியகத்தைத் திறந்து வைத்தார். ஏறத்தாழ ஆயிரம் பொம்மைகளுடன் தொடங்கிய அதில், பிற்காலத்தில் 85 நாடுகளைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் இடம்பெற்றன. அயல்நாட்டுப் பொம்மைகளோடு கதகளி ஆடுவோரும் நம் மாநிலங்களின் மணமக்களும் அங்கே நின்றனர். இந்திய உடைப் பொம்மைகளைச் செய்யும் பட்டறை ஒன்றும் உடன் வளர்ந்தது. அத்தனைக்கும் விதை அந்த ஒரே ஒரு ஹங்கேரிப் பொம்மை.

பொம்மையை விருந்தினராகவே வரவேற்ற நாடும் ஒன்றுண்டு. 1924இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் ஜப்பானியரின் உள்ளத்தைப் புண்படுத்தியது. அப்புண்ணை ஆற்ற விரும்பினார், ஜப்பானில் பல்லாண்டு வாழ்ந்து திரும்பிய சிட்னி குலிக் என்னும் பாதிரியார். அவருடைய முயற்சியால் 1927இல் அமெரிக்கக் குழந்தைகள் 12,000க்கும் மேற்பட்ட பொம்மைகளை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினர். ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர் உண்டு. கையில் கடவுச்சீட்டும் உண்டு! மார்ச் 3ஆம் நாள் நடக்கும் பொம்மைத் திருவிழாவையொட்டி வந்த அவற்றைப் பள்ளிகள் விழா எடுத்து வரவேற்றன. ஜப்பானும் நன்றியறிதலாக 58 பொம்மைகளை அனுப்பிவைத்தது.

பின்னர்ப் போர் மூண்டது. பகைவர் நாட்டுப் பொம்மைகள் என்று சொல்லி அவற்றை உடைத்தனர், எரித்தனர். எனினும் சில பள்ளிகளில், ஆசிரியர்கள் அவற்றை எவரும் அறியாமல் மறைத்து வைத்தனர். போர்க்காலத்தில் அது எளிய செயலன்று. இன்று எஞ்சியிருக்கும் சில நூறு பொம்மைகள் அத்தகையோரால் பிழைத்தவையே. வந்த விருந்தைக் காட்டிக்கொடுக்க மறுத்த அந்த ஆசிரியர்களை நினைக்கும்போதெல்லாம் என் தொழிலைப் பற்றி எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

இனி எங்கள் குளத்தூருக்கு வருவோம். அண்மையில் கல்லூரி மாணவி ஒருத்தி பெட்டியொன்றுடன் என்னிடம் வந்தாள். சிங்கப்பூரில் வாழும் அவளுடைய மாமா முன்னாளில் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த பார்பிப் பொம்மை அதில் இருந்தது. பொம்மை சேர்க்கும் பழக்கத்தைத் தொடங்க விரும்பிய அவளுக்கு அதுவே முதல் பொம்மை.

“ஐயா, பெட்டியைப் பிரித்தால் மதிப்புக் குறையும் என்கிறார்களே, பிரிக்கலாமா?” என்று கேட்டாள்.

“வந்த விருந்தை வாசலிலேயே நிறுத்தி வைப்பது நம் வழக்கமா, அம்மா?” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, “அப்படியானால் பெட்டியை எறிந்துவிடலாமா?” என்றாள்.

“விருந்தாளியின் மூட்டையை யாரேனும் எறிவார்களா?” என்றேன். கிழியாமல் மெல்லப் பிரித்தோம்.

பார்பி 1959 மார்ச் 9ஆம் நாள் நியூயார்க் நகரத்து விளையாட்டுப் பொருட் காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. அக்காலத்தில் அமெரிக்கச் சிறுமியருக்குப் பெரும்பாலும் கைக்குழந்தைப் பொம்மைகளே கிடைத்தன. வளர்ந்த பெண்ணின் உருவில், விதவிதமாக உடை மாற்றத்தக்க பொம்மை வேண்டும் என்று எண்ணியவர் ரூத் ஹேண்ட்லர் என்னும் பெண்மணி. ஜெர்மனியில் விற்ற லில்லி என்னும் பொம்மை அவருக்கு முன்மாதிரியாயிற்று.

எங்கள் பொம்மையின் முதுகில் 1966 என்று பொறித்திருந்தது. “இவ்வளவு பழமையானதா!” என்று வியந்தாள் மாணவி. ஆனால் பெட்டியில் 1990களைச் சேர்ந்த ஓர் ஆண்டு காணப்பட்டது. எது மெய்? இரண்டும் மெய்யே. முதுகிலுள்ளது அவ்வுடலமைப்புக்கு உரிமை பதிவான ஆண்டு. அதே ஆண்டைப் பொறித்த பொம்மைகள் பல பத்தாண்டுகள் வெளிவந்துகொண்டிருந்தன. நம் கோயில்களிலும் இத்தகைய செய்தி உண்டு. திருப்பணியின்போது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவதுண்டு. அங்கே கல்வெட்டின் ஆண்டு ஒன்று. சுவரின் ஆண்டு வேறொன்று. பெட்டியை எறிந்திருந்தால் இவ்வுண்மையும் போயிருக்கும். முதுகில் மலேசியா என்றும் எழுதியிருந்தது. ஆக, அமெரிக்கப் பெயர் தாங்கி, மலேசியத் தொழிலாளர் கையால் உருவாகி, சிங்கப்பூரில் விலைபோய், குளத்தூருக்கு வந்து சேர்ந்த விருந்து அது. இத்தனையும் அறிந்தபின் அவளுக்கு அது வெறும் அழகுப் பொருளாகத் தோன்றவில்லை.

பொம்மை சேர்க்க விரும்புவோர்க்குச் சில சொல்வேன். வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். துணியின் சாயம் வெளுத்துவிடும். ஈரமும் தூசியும் அண்டாமல் தூய பருத்தித் துணியால் மூடி வையுங்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: யார் தந்தது, எந்த ஊரில் செய்தது, எந்த ஆண்டு வந்தது, என்ன துணி, அணிகளின் பெயர் என்ன என்று குறித்து வையுங்கள். 1910இல் தொடங்கிய நம் புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. அங்கு ஒவ்வொரு பொருளின் அருகிலும் உள்ள குறிப்பைப் படித்துப் பாருங்கள். அக்குறிப்பு இல்லையேல் அரிய பொருளும் ஊமையாகிவிடும்.

முதல் பொம்மைக்காகச் சிங்கப்பூரை எதிர்நோக்க வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் பாட்டியின் மரப்பெட்டியில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய மரப்பாச்சி இணை ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். செஞ்சந்தனக் கட்டையில் கடைந்த அப்பொம்மைகளைத் திருமணத்தின்போது மகளுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது. நவராத்திரி வந்தால் அவற்றுக்குப் புத்தாடை தைப்பார்கள். கொலுவில் முதலிடம் தருவார்கள். கொலுவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதிய பொம்மையாவது சேர்ப்பதும் நம் மரபு. ஆகவே பொம்மை சேர்த்தல் நமக்கு அயலிலிருந்து வந்த பழக்கமன்று.

இன்றோ அம்மரப்பாச்சிகள் பழம்பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போகின்றன. பணம் கொடுத்தால் வேறொரு மரப்பாச்சி கிடைக்கும். யார் யாருக்குக் கொடுத்தது, யார் அதற்குச் சேலை தைத்தது என்னும் செய்தி, அறிந்த பாட்டியோடு மறைந்துவிட்டால் எவ்விலை கொடுத்தாலும் கிடைக்காது.

ஆகையால், மாணவச் செல்வங்களே, இவ்வாரமே உங்கள் வீட்டு முதியோரிடம் சென்று அமருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எழுதியதையும் பொம்மையையும் உங்கள் தெருக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். தில்லியில் ஒருவர் செய்தது அவ்வளவே.